நேற்று மாதிரி ஒரு பாட்டு

ஆடி பிறந்துவிட்டால் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் மைக் செட்காரருக்குத் தூக்கம் கிடையாது. விடியலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. கூழ் ஊற்றும் நேரத்துக்கு எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டு. வெயில் ஏறினால் டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா. பொழுது சாய்ந்தால் இளையராஜா. சாமி வீதியுலா புறப்பட்டதும், இளவட்டங்கள் கேட்கிற அந்த வருடத்துக் குத்துப்பாட்டு. ஐம்பது, அறுபது வருட இடைவெளியில் பதிவான குரல்கள் ஒரே நாளில், ஒரே குழாய் வழியாக, ஒன்றையொன்று விரட்டாமல் வந்து போகின்றன. நகரத்து எஃப்.எம். நிலையங்கள் இரவில் தனி நிகழ்ச்சி வைத்து, பெருமூச்சு விடுகிற அறிவிப்பாளரோடு ஒலிபரப்புகிற பாட்டெல்லாம் இங்கே பட்டப்பகலில் வேலையில் இருக்கின்றன.

இந்த வரிசைக்குள் கொஞ்ச காலமாகப் புது ரகம் ஒன்று நுழைந்திருக்கிறது. பிறந்தது இன்று, ஒலிப்பது நேற்று மாதிரி. 2025 மே மாதம் வந்த கார்த்திக் சுப்பராஜின் படத்துக்குப் பெயரே ‘ரெட்ரோ’. அதற்குச் சந்தோஷ் நாராயணன் போட்ட ‘கனிமா’ பாட்டு, படம் வருவதற்கு முன்பே கல்யாண மண்டபங்களுக்குள் புகுந்துவிட்டது. இதே இருவரும் 2023-ல் தந்த ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ எழுபதுகளுக்குப் போனது. பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ (2021) நெருக்கடி நிலைக் காலத்து வடசென்னைக்குப் போனது. வெளியுலகத்திலும் இதே காற்றுதான். தி வீக்கெண்டின் ‘பிளைண்டிங் லைட்ஸ்’ (2019) எண்பதுகளின் சின்தசைசரைத் தூசி தட்டி எடுத்தது. துவா லீபா 2020-ல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் ‘ஃபியூச்சர் நாஸ்டால்ஜியா’.

அசல் பழைய பாட்டே கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும்போது, பழசு மாதிரியான புதுப் பாட்டு எதற்கு? அதில் எது ருசிக்கிறது, எது நாலாம் நாளே சலிக்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். பழைய பதிவையே எடுத்துப் புதுப் படத்தில் வைப்பது வேறு சங்கதி. ‘லப்பர் பந்து’ (2024) ‘பொன்மன செல்வன்’ (1989) பாட்டை வைத்துக் கைத்தட்டல் வாங்கியதும், ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ (2024) ‘குணா’ (1991) பாட்டை வைத்து மலையாளத் திரையரங்குகளில் தமிழைப் பாட வைத்ததும் தொகுப்பாளரின் திறமை. அங்கே இசையமைப்பாளருக்குப் புது வேலை இல்லை. ரீமிக்ஸ் இன்னொரு ரகம். 2003-ல் ‘குறும்பு’ படத்துக்காக யுவன் சங்கர் ராஜா தன் தந்தையின் ‘அடுத்த வாரிசு’ (1983) பாட்டை எடுத்துத் தாளம் கூட்டியதிலிருந்து சில வருடங்கள் அந்தக் காய்ச்சல் நீடித்தது. 2007-ல் மட்டும் ‘சொர்க்கம்’ (1970) பாட்டு ‘அழகிய தமிழ் மக’னிலும், 1980-ன் ‘பில்லா’ பாட்டு புது ‘பில்லா’விலும் வந்தன. இரண்டுக்கும் மூலம் எம்.எஸ். விஸ்வநாதன். பழைய மெட்டுக்கு அடியில் டிரம் மெஷினைக் கட்டிவிட்டால் போதும் என்று நினைத்த அந்தக் காலத்துப் பாட்டுகளில் பெரும்பாலானவை இன்று எந்தத் திருவிழாவிலும் கேட்பதில்லை. மூலப் பாட்டுகள் கேட்கின்றன. இதற்கு மேல் அந்த ரகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பழைய இலக்கணத்தில் புதிதாக ஒன்றைக் கட்டுவதுதான் சுவையான விஷயம். அந்த வேலைக்குப் புதுச்சேரி மண்ணிலேயே முன்னோடி உண்டு.

1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதி, 1912-ல் ‘பாஞ்சாலி சபத’த்தின் முதல் பாகத்தை வெளியிட்டார். காப்பியம் என்றால் விருத்தமும் வெண்பாவும்தான் என்றிருந்த காலம். அவர் தேர்ந்துகொண்ட அடிப்படை மெட்டு நொண்டிச் சிந்து. திருடப் போய்க் கால் இழந்தவன் மேடையேறித் தன் கதையைச் சொல்கிற நொண்டி நாடகத்துக்கு உரிய மெட்டு அது. பண்டிதர்கள் திண்ணையில் ஏற்ற மாட்டார்கள். ஜனங்களுக்குப் பழகிய மெட்டும், கேட்டவுடன் விளங்கும் நடையும் வேண்டும் என்பதை முன்னுரையிலேயே அவர் சொல்லியும் வைத்தார். கதையும் புதுச்சேரி கிராமத்தாருக்குப் பழகியதுதான். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து நடத்தி, கடைசியில் தீ மிதிக்கிற ஊர்கள் இவை. ஆர்மோனியப் பெட்டி, மிருதங்கம், முகவீணை, தாளம் என்று உட்கார்ந்துவிட்டால் துகில் உரிதல் முடியக் கோழி கூவிவிடும். அந்தப் பாஞ்சாலியைப் பாரதி அடிமைப்பட்ட தேசமாக்கினார். மெட்டு நேற்றையது, கோபம் அன்றைய காலையினுடையது. அவரே சங்கீதத்தைப் பற்றி எழுதும்போது, வித்வான்கள் அர்த்தம் தெரியாமல் அதே சில கீர்த்தனைகளை ஊர் ஊராகத் திருப்பிப் பாடுவதைக் கிண்டல் செய்திருக்கிறார். பழசை எடுத்தாள்வதற்கும் பழசையே மென்றுகொண்டிருப்பதற்கும் உள்ள தூரம் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

பாரதி ஊரை விட்டுப் போன நாலு வருடத்தில், இன்னொரு பெரிய மனிதரைப் புதுச்சேரி மண் வாங்கிக்கொண்டது. தமிழ் நாடக உலகம் தலைமையாசிரியர் என்று கொண்டாடும் தூத்துக்குடிச் சீமைக்காரர் சங்கரதாஸ் சுவாமிகள், 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார். அவர் சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ என்று அவர் எழுதிய நாடகங்களைப் பாடித்தான் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஊரை மயக்கினார்கள். அந்த உலகத்தைத் திரைக்குக் கொண்டுவந்த படம் வசந்தபாலனின் ‘காவியத்தலைவன்’ (2014). சங்கரதாஸ் சுவாமிகளை நினைவூட்டும் குரு வேடத்தில் நாசர், இசை ஏ.ஆர். ரஹ்மான்.

‘காவியத்தலைவன்’ ஆல்பத்தைத் தனியாகக் கேட்டால் இன்பம்தான். நாடகக் கொட்டகையின் கட்டியம், ஆர்மோனியத்தின் இழைப்பு, மைனர்களின் குறும்பு எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒரு குறை உறுத்துகிறது. மைக் இல்லாத காலத்து நாடகக்காரர் கடைசி வரிசை மணல்தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்று உச்ச சுருதியில் எடுத்துப் பாடினார். கிட்டப்பாவின் பெயரே அந்த உச்சத்தால் நிலைத்தது. அவருடைய இசைத்தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் இடம். அதற்குள் ராகத்தைக் காட்டி, பாட்டையும் முடிக்கிற அவசரம் ஒரு தனி வேகத்தைத் தந்தது. ரஹ்மானின் பாடகர்கள் இன்றைய மைக்குக்குப் பக்கத்தில் நின்று, மூச்சு கூடக் கேட்கும்படி நிதானமாகப் பாடுகிறார்கள். உடை பொருந்தியிருக்கிறது, தொண்டை மாறிவிட்டது.

அதே ரஹ்மான் பதினேழு வருடங்களுக்கு முன் செய்த ‘இருவர்’ அப்படியில்லை. தமிழில் இந்த வகைக்கு உரைகல் என்று ஒரே ஒரு ஆல்பத்தைக் காட்டச் சொன்னால் அதைத்தான் காட்ட வேண்டும். 1997 பொங்கலுக்கு வந்த மணிரத்னத்தின் படம், அரசியலும் சினிமாவும் கைகோத்து நடந்த சில பதிற்றாண்டுகளைச் சொல்கிறது. ‘ரோஜா’ (1992) வழியாகத் தமிழ்ப் பாட்டின் ஒலியையே மாற்றியவர் என்று பெயர் வாங்கிய முப்பது வயது இளைஞர், அந்தப் படத்தில் வேண்டுமென்றே பின்னால் நடந்தார்.

எப்படி நடந்தார் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ‘நறுமுகையே’ நாட்டையின் கம்பீரத்தில், புறநானூற்றையும் குறுந்தொகையையும் தொட்டு வைரமுத்து எழுதிய வரிகளோடு, சாஸ்திரிய சங்கீதம் சினிமாவை ஆண்ட காலத்துக்குப் போகிறது. உன்னிகிருஷ்ணன், பாம்பே ஜெயஸ்ரீ என்று இரண்டு கச்சேரிக் குரல்கள். ‘ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி’யில் பித்தளைக் கருவிகள் முன்னால் வந்து, அமெரிக்க ஸ்விங் நடையில் குதிக்கின்றன. அறுபதுகளின் சென்னை இசைக்குழுக்களுக்கு அந்த நடை தண்ணீர் பட்ட பாடு. ‘காதலிக்க நேரமில்லை’யை (1964) கேட்டவருக்கு விளங்கும். ‘வெண்ணிலா வெண்ணிலா’ கிளப் டான்ஸ் பாட்டு. தமிழில் அது எல்.ஆர். ஈஸ்வரியின் ராஜ்ஜியம். ரஹ்மான் அவரைப் போலப் பாடுகிற ஒருவரைத் தேடாமல், இந்தியில் அதே ராஜ்ஜியத்தை ஆண்ட ஆஷா போஸ்லேயை அழைத்தார். ‘பூங்கொடியின் புன்னகை’ சுசீலா காலத்துக் கதாநாயகிப் பாட்டு. பாடிய சந்தியா சுசீலாவின் மருமகள். ‘ஆயிரத்தில் நான் ஒருவன்’ என்று மனோ எடுக்கும்போது டி.எம்.எஸ். தன் மாணவனைப் பார்த்துத் தலையாட்டுவது போலிருக்கும்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது? ரஹ்மானின் தந்தை ஆர்.கே. சேகர் மலையாளத் திரையிசையில் பிறர் மெட்டுகளுக்கு வாத்தியம் பிரித்துக் கொடுக்கும் வேலையில் பேர் எடுத்தவர். 1976-ல் அவர் மறைந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. வீட்டிலிருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் ஓடியது. பையன் வளர்ந்து எம்.எஸ்.வி., இளையராஜா குழுக்களில் கீபோர்டு வாசித்தான். விஸ்வநாதன் எங்கே ஓர் அக்கார்டியனை நுழைத்து எங்கே நிறுத்துவார் என்பதை ரஹ்மான் இசைத்தட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தார். ‘இருவர்’ வசூலில் தோற்ற படம். பாட்டுகளும் ‘ஜென்டில்மேன்’, ‘காதலன்’ போல் அன்று தெருவை ஆட்டவில்லை. ஆனால் கால் நூற்றாண்டுக்குப் பிறகு, ரஹ்மானின் ஆகச் சிறந்த ஆல்பம் எது என்ற சண்டையில் ‘இருவர்’ கட்சிக்கு ஆள் கூடிக்கொண்டே போகிறது.

இங்கே ஒரு தொழில்நுட்பச் செய்தியைச் சொல்லியாக வேண்டும். அறுபதுகளின் பாட்டு மோனோவில் பதிவானது. எல்லா வாத்தியமும் பாடகரும் ஒரே தடத்தில் இடம் பிடிக்க வேண்டும். அதனால் குரல் வரும்போது வாத்தியம் ஒதுங்கும். குரல் மூச்சு வாங்கும் இடத்தில் புல்லாங்குழலோ வயலினோ பதில் சொல்லும். பல்லவி முடிந்ததும் இடையிசை ஒரு புதுக் கதை சொல்லிவிட்டுச் சரணத்திடம் ஒப்படைக்கும். முதல் இடையிசையும் இரண்டாவதும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. கேட்கிறவரிடம் இருந்ததோ மத்திய அலை வானொலி அல்லது மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி. இரண்டுமே அடிநாதத்தை விழுங்கிவிடும், உச்சியை மழுக்கிவிடும். நடு ஸ்தாயியை மட்டும் ஊர் எல்லை வரை கொண்டு சேர்க்கும். கோடியக்கரைக்கு அந்தப் பக்கமிருந்து இலங்கை வானொலி பாகூர் திண்ணைகள் வரை வந்தது. அன்றைய இசையமைப்பாளர்கள் இந்தக் குழாய்க்கும் அந்தப் பெட்டிக்கும் ஏற்றபடி பாட்டைக் கட்டினார்கள். மெட்டின் கனத்தை நடு ஸ்தாயியில் வைத்தார்கள். இன்றைய பல பாட்டுகள் காதில் செருகும் கருவிக்கும் காரின் சப்-வூஃபருக்கும் அளவெடுத்துத் தைத்தவை. குழாயில் போட்டால் அடித்தளம் காணாமல் போய், நடுவில் ஒரு முனகல் மிஞ்சுகிறது. அதனால்தான் விழாக்குழுவினர் புதுப் பாட்டுக்கென்று ஆளுயரப் பாக்ஸ்களைத் தனியாக வாடகைக்கு எடுக்கிறார்கள்.

ஆக, பழைய சாயல் ஆல்பத்துக்குக் கிராமத்தில் ஒரு நேர்மையான சோதனை இருக்கிறது. டி.எம்.எஸ்., சுசீலா பாட்டுக்கு அடுத்ததாக, அதே குழாயில் போட்டுப் பார்ப்பது. ‘இருவர்’ அதில் நிற்கிறது. இசைத்தட்டுக் கீறல் சத்தத்தையும் வானொலி இரைச்சலையும் கணினியில் சேர்த்துக்கொண்டு, உள்ளே இன்றைய பாஸை மட்டும் நம்பி எழுந்த பாட்டுகள் நிற்பதில்லை. ‘கனிமா’ தப்பித்துவிடுகிறது, அதன் பலம் குரலிலும் கோரஸிலும் இருப்பதால்.

சாயம் பூசாமலேயே பழைய காலத்தைக் கொண்டுவந்த உதாரணமும் உண்டு. சசிகுமாரின் ‘சுப்பிரமணியபுரம்’ (2008) நடப்பது 1980-ன் மதுரையில். ஜேம்ஸ் வசந்தனுக்கு அது முதல் படம். ‘கண்கள் இரண்டால்’ பாட்டை அவர் ரீதிகௌளையில் அமைத்தார். ‘கவிக்குயில்’ (1977) படத்தில் பாலமுரளிகிருஷ்ணா குரலில் இளையராஜா தமிழ்க் காதுகளில் பதித்த ராகம். பெயர் தெரியாத ரசிகருக்கும் அந்த ராகம் எழுபதுகளின் பிற்பகுதியை எழுப்பிவிடுகிறது. கதைக்குள் வரும் குழாய்களிலும் கடைகளிலும் ‘கல்லுக்குள் ஈரம்’ (1980) பாட்டு நிஜமாகவே ஒலிக்க, அதற்குப் பக்கத்தில் புதுப் பாட்டு சொந்தக்காரன் போல உட்கார்ந்துகொண்டது. ‘96’ (2018) இன்னும் சாமர்த்தியமானது. கோவிந்த் வசந்தா தன் பாட்டுகளை வயலினும் கிட்டாருமாக இன்றைய காலத்திலேயே வைத்துக்கொண்டு, பழைய காலத்தின் சுமையை ஜானகி என்று பெயர் வைத்த நாயகி வாயிலாக இளையராஜா பாட்டுகளிடம் விட்டுவிட்டார். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களும் உண்டு. தன் இசை போதாமல் பழைய பாட்டைக் கடன் வாங்குவதா என்று அவர்கள் கேட்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

சினிமாவை விட்டு வெளியே வந்தால், தமிழில் பாப் என்று தனியாகச் சொல்லத்தக்க பாரம்பரியம் இலங்கையில்தான் வேர் பிடித்தது. அறுபதுகளின் இறுதியில் நித்தி கனகரத்தினமும், எழுபதுகளில் ஏ.ஈ. மனோகரனும் பாடிய பொப்பிசையின் உடம்பில் ஓடியது பைலா. போர்த்துக்கீசியரும் அவர்களோடு வந்த ஆப்பிரிக்கரும் விட்டுச் சென்ற ஆட்டத் தாளம். அதாவது தமிழ்ப் பாப் பிறந்தபோதே ஒரு பழைய பாணியின் மேல்தான் பிறந்தது. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் தாண்டி வந்து, 1977-ல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் மலேசியா வாசுதேவன் குரலில் ஒலித்தது. இங்கே இளையராஜா 1986-ல் தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக ‘ஹவ் டு நேம் இட்?’ வெளியிட்டார். வி.எஸ். நரசிம்மனின் வயலின் கர்நாடக ராகத்தில் போக, அடியில் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் இசையின் பின்னல். இருநூறு வருடப் பழசை எடுத்துச் செய்த ஆல்பத்தை யாரும் ஏக்கம் என்று சொல்லவில்லை. சோதனை முயற்சி என்றார்கள். தூரம் கூடக் கூடப் பெயர் மாறிவிடுகிறது போலும்.

தூரத்திலிருந்து வருகிற ஏக்கம் இன்னொரு வேடிக்கை. பிளாக் ஐட் பீஸ் 2003-ல் ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ (1985) பாட்டை வெட்டித் தங்கள் பாட்டில் ஒட்டினார்கள். லண்டன் ஈழத் தமிழச்சி எம்.ஐ.ஏ. 2007-ல் ‘தளபதி’ (1991) பாட்டை எடுத்துக்கொண்டார். ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் இளையராஜாவின் 1977 முதல் 1983 வரையிலான எலக்ட்ரானிக் பாட்டுகளைத் தொகுத்து இசைத்தட்டாகவே போட்டது. தமிழ் தெரியாத சேகரிப்பாளர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். அதே பாட்டுகள் இங்கே பெட்டிக்கடையில் ஓடியபோது அதைக் ‘கலெக்‌ஷன்’ என்று யாரும் நினைக்கவில்லை. வெள்ளைத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, கடைத்தெரு ரெகார்டிங் சென்டரில் அறுபது நிமிட கேசட்டில் பதிந்து வாங்கிய காலம். ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு, ஏழாவது பாதியில் அறும்.

தான் வாழாத காலத்துக்கு ஒருவர் ஏங்க முடியுமா? ஏக்கம் ஒரு நோய் என்று 1688-ல் முதலில் எழுதியவர் யோகனஸ் ஹோஃபர் என்ற இளம் மருத்துவ மாணவர். சொந்த ஊரைப் பிரிந்தவர்களைப் பற்றியது அவர் ஆய்வு. மாடு மேய்ப்போர் பாடும் ஒரு மெட்டைக் கேட்டால் சுவிஸ் சிப்பாய்கள் அழுது, படையை விட்டே ஓடினார்கள் என்பதால் அதற்குத் தடை இருந்ததாக ரூசோ தன் இசை அகராதியில் எழுதியிருக்கிறார். சைகோன் வரை போய்ப் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்த ‘சொல்தா’ குடும்பங்கள் உள்ள புதுச்சேரி ஊர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்றைய உளவியலாளர்கள் நோய் என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் கேட்ட பாட்டுதான் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்கிறது என்கிறார்கள். அதைவிடச் சுவையானது கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்ஸ்ல் 2013-ல் வெளியிட்ட ஆய்வு. இருபது வயது மாணவர்களுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலான காலத்துப் பாட்டுகளைப் போட்டுக் காட்டியதில், அவர்கள் பிறப்பதற்கு முந்திய எண்பதுகளின் தொடக்கத்துப் பாட்டுகளோடும் நெருக்கம் தெரிந்தது. அவர்களுடைய பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலம் அது. அதற்கும் முந்திய அறுபதுகளிலும் ஒரு சிறு மேடு.

வில்லியனூர்ப் பக்கத்துத் தனியார் பேருந்தில் காலையில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளைக் கவனித்தால் ஆய்வுக்கூடம் தேவைப்படாது. ஓட்டுநரின் விருப்பம் இளையராஜா. 2005-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டாவது சரணம் வரை மனப்பாடம். அவர்களுக்கு அது கடந்த காலமே இல்லை. நாள்தோறும் காலை எட்டு மணிக்கு நடப்பது. ‘லப்பர் பந்து’ காட்டிய கிராமத்துக் கிரிக்கெட் மைதானங்களைப் போன்றவை பாகூர் ஏரிக்கரைப் பக்கமும் உண்டு. விஜயகாந்த் நடித்த ‘பொன்மன செல்வன்’ பாட்டு அங்கே ஒலித்தால் ஆடுகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் படம் வந்தபோது பிறந்திருக்கவில்லை.

எல்லோருடைய நேற்றும் ஒன்றல்ல என்பதையும் இந்த அலை காட்டிவிட்டது. பொற்காலம் என்று கறுப்பு வெள்ளைக் காலத்தைச் சொல்லும்போது, அந்தக் காலத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கவே விடாத இசைகளும் இருந்தன. ‘சார்பட்டா’வில் கானா முத்துவும் இசைவாணியும் பாடியது வடசென்னையின் நேற்று. 2021-ல் தீயும் அறிவும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ ஒப்பாரியிலிருந்து எழுந்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் தேயிலைத் தோட்ட வாழ்க்கை அதற்குள் இருக்கிறது. பம்பையும் பறையும் இன்னும் ஊர் நடுவில் அடிபடுகிற கொம்யூன்களில் இந்தப் பாட்டுகள் ‘பழைய பாணி’ என்ற அறிமுகம் இல்லாமலேயே போய்ச் சேர்ந்தன. ஆனால் அதே ‘சார்பட்டா’வுக்காக ஷான் வின்சென்ட் டி பால் பாடிய ‘நீயே ஒளி’யின் ராப் 1975-ல் யார் வாயிலும் இருந்திருக்காது. காலம் தவறியது என்று பிடிவாதக்காரர் முகம் சுளிக்கலாம். பாரதியின் பாஞ்சாலி பேசியதும் துவாபர யுகத்து அரசியல் இல்லையே.

பழைய பாணியை எடுக்கிறபோது யாருக்கு நன்றி சொல்வது என்பது தீராத வழக்கு. 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தயாரிப்பாளர்களுக்கு இளையராஜா அனுப்பிய நோட்டீஸ் பரபரப்பானது. மெட்டுக்கு உரிமையாளர் உண்டு; பாணிக்குச் சட்டத்தில் உரிமையாளர் இல்லை. விஸ்வநாதன் பாணி என்று நாம் சொல்வதில் மங்களமூர்த்தியின் அக்கார்டியனும் இருக்கிறது. இளையராஜா பாணி என்பதில் புருஷோத்தமனின் டிரம்ஸும், விஜி மானுவலின் விசைப்பலகையும், நெப்போலியனின் குழலும் இருக்கின்றன. பழைய இசைத்தட்டு உறைகளில் இந்த மாதிரிப் பெயர்களைத் தேடினால் கிடைப்பது அரிது. ரஹ்மான் தன் கேசட் உறைகளில் வாசித்தவர் பெயர்களையெல்லாம் போட்டபோது அது செய்தியானது.

இப்போது குரலையே வார்த்தெடுக்கும் இடத்துக்கு விஷயம் வந்திருக்கிறது. 2024-ல் ‘லால் சலாம்’ படத்துக்காக ரஹ்மான், மறைந்த ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் எழுப்பினார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே வருடம் ‘தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ படத்தில் யுவன் தன் அக்கா பவதாரிணியின் குரலைக் கொண்டுவந்தார். ‘வேட்டையன்’ படத்தின் ‘மனசிலாயோ’வில் அனிருத் 2011-ல் மறைந்த மலேசியா வாசுதேவனைப் பாட வைத்தார், மகன் யுகேந்திரனும் அதே பாட்டில் பாடியிருக்கிறார். இது அஞ்சலியா, வித்தையா என்று விவாதம் நடக்கிறது. திருவிழா மேடையில் ‘மனசிலாயோ’ பாடும் மெல்லிசைக் குழுக்களுக்கு இந்தச் சிக்கல் எழுவதில்லை. வாசுதேவன் பகுதிக்கென்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருக்கிறார். எண்பதுகளிலிருந்தே அவர் அந்தக் குரலில்தான் பாடிக்கொண்டிருக்கிறார்.